தீர்த்தம் குடித்த பிளக்குகள்

காரில் ஸ்பார்க் பிளக் மாற்றினால் காடி பறக்கும், பெட்ரோல் எண்ணெயும் மிச்சமாகும் என்று என் கணவர் ஒரு வாரமாக என் காதைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் குழந்தையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் என்பதால், சின்னச் சந்தேகம் வந்தாலும் உடனே சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பழைய காடியோ மேடு கண்டால் மூச்சு வாங்கும். அது வழியில் நின்றுவிடுமோ என்பதுதான் இவருடைய உண்மையான பயம். அதைச் சொல்ல வாய் வராமல் எண்ணெய் மிச்சம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை பிளக் மாற்ற உட்கார்ந்துவிட்டார். கழற்றிய பழைய பிளக்குகள் கரியேறி, முனை தேய்ந்து கிடந்தன. புதியவை இரிடியமாம், முனை ஊசியாக இருந்தது. “இதுலதான் நெருப்பு ஒழுங்கா பிடிக்கும். எண்ணெ முழுசா எரியும். பாரேன்லா!” என்றார். ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் சத்தமே மாறிப்போயிருந்தது. இருந்தும் நான் பாராட்டவில்லை. பாராட்டினால் அடுத்து டயரில் கை வைப்பார்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், அது குளிர்சாதனப் பெட்டியானாலும் சரி, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்போம். புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவில் பிடித்துவந்த தண்ணீர் ஒரு போத்தலில் சிலுவைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். விரலால் தொட்டு நாலு சொட்டுத் தெளிப்பது வழக்கம். அன்றைக்கு இவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போத்தலையே இன்ஜின்மேல் கவிழ்த்தார்.

“தெளிங்கன்னா குளிப்பாட்டுறீங்களே?”

“நல்லா படட்டும். புள்ளைக்கும் சேர்த்துத்தான்,” என்றார். நானும் ஆமென் சொன்னேன்.

மறுநாள் காலை குழந்தை அசையவில்லை. தினமும் நான் பசியாறும் நேரத்தில் உதைக்கும் குழந்தை. இனிப்பாக ஒரு குவளை ஐஸ் மைலோ குடித்துப் பார்த்தேன். வயிற்றைத் தட்டினேன், பெயர் வைக்காத பிள்ளையைக் கெஞ்சினேன். உள்ளே ஒன்றுமில்லை. அவரிடம் சொன்னேன். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

காடி ஸ்டார்ட் ஆனதும் உதறத் தொடங்கியது. செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண்சாலையில் முக்கிக்கொண்டு போனது. மிதித்தால் இழுக்கவில்லை, எச்சரிக்கை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. “பிளக்க மாத்தித் தொலைச்சிட்டேனே, நல்லாத்தானே ஓடிச்சி,” என்று அவர் ஸ்டீரிங்கை அடித்தார். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. கைப்பேசியில் சிக்னல் கோடு இல்லை.

நான் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்திருந்தேன். சீட் அதிர்ந்தது, கை அதிர்ந்தது, வயிறும் அதிர்ந்தது. ஏதோ அசைந்த மாதிரி இருக்கும். அது இன்ஜினா குழந்தையா என்று தெரியாது. என் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லவிடாமல் அந்தக் காடி குலுக்கிக்கொண்டே இருந்தது.

“நிறுத்துங்க.”

“நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுமா.”

“எனக்கு ஒண்ணும் தெரியல. நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!”

என் குரலுக்கே அவர் பிரேக்கை மிதித்துவிட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பின்சீட்டில் இடதுபக்கமாகப் படுக்கவைத்தார். பிறகு பானட்டைத் திறந்து, பிளக்குகளின்மேல் செருகியிருக்கும் காயில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“அட கடவுளே, தண்ணி!” என்று கத்தினார். இன்ஜினில் பிளக் உட்காரும் இடம் ஆழமான குழி. அதை மூடும் பழைய ரப்பர் வெடித்திருந்ததால், முந்தின நாள் ஊற்றிய தீர்த்தம் இரவெல்லாம் உள்ளே தேங்கியிருந்தது. என் சால்வையை உருவிக்கொண்டு போனார். அதை ஒரு குச்சியில் சுற்றிக் குழிக்குள் விட்டுத் துடைப்பது தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று. போன தடவையும் இப்படித்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயிறு கல்லாகக் கிடந்தது. அன்றைக்கு நர்ஸ் மிஸ்ஸி கருவியை வயிற்றில் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள். இன்னொரு தடவை அந்த அறைக்குள் போக என்னால் முடியாது என்று நினைத்தேன். மருத்துவமனை போய்ச் சேரவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

பானட் மூடிய சத்தம் கேட்டது. அவர் ஓடிவந்து சாவியைப் பிடித்தார்.

“ஸ்டார்ட் பண்ணாதீங்க!”

அவர் திரும்பிப் பார்த்தார். செத்தவன் முகம் அது. நான் கையை நீட்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அவர் கையை இழுத்து என் விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினேன்.

காடி அசையவில்லை. காற்றுகூட இல்லை. அவர் உள்ளங்கைக்குக் கீழே ஒன்று மெல்ல முட்டியது. சற்றுப் பொறுத்து, கோபத்தோடு, இன்னொரு முட்டு.

“இப்ப போங்க,” என்றேன். அவர் கையை எடுக்கவே இல்லை.