பித்தளை எஞ்சினுக்கு நீராவி

எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் சவுதியிலிருந்து ஒரு பித்தளை எஞ்சின் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சாண் நீளம் இருக்கும். ஓரத்தில் ஒரு சக்கரம். விரலால் சுற்றினால் தண்டு முன்னும் பின்னும் போய்வரும். மற்றபடி வெறும் அழகுப் பொருள். அருப்புக்கோட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் விசைத்தறிக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். எண்பத்தெட்டு வாக்கில் ஒருநாள் அந்த எஞ்சினைத் துண்டில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போனார். அதை நிஜமாகவே நீராவியில் ஓடவிடப் போவதாகச் சொன்னார். கெட்டியாக வார்த்திருந்த சிலிண்டரைக் குடைந்து, உள்ளே பொருந்தும்படி பிஸ்டன் கடைந்தார். கொதிகலனுக்கு ஒரு பித்தளைக் குழாயை வெட்டி, இரண்டு முனையிலும் தகடு வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். அழுத்தம் மிஞ்சினால் ஆவி வெளியேற மேலே ஒரு வால்வு. அதன் ஸ்பிரிங் பேனாவிலிருந்து கழற்றியது.

இந்தப் பேனா ஸ்பிரிங்கை நம்பியா தீ மூட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். நான் பாலவனத்தத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் பக்கத்து வீட்டில் பம்பு ஸ்டவ் வெடித்தது. அந்த வீட்டு அக்காவைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதை அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒரு தம்ளர் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்ட கையோடு, கொல்லையில் துவைகல்லின் மேல் எஞ்சினை வைத்து, கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். நான் சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் வால்வு சீறியது. அவர் சக்கரத்தை லேசாகத் தட்டிவிட, அது தானாகச் சுற்றத் தொடங்கியது. அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அது போதவில்லை. ஆவி வீணாகிறது என்று வால்வுத் திருகை இறுக்கினார். சக்கரம் பறந்தது. பிறகு ஒரு இழுப்பு இழுத்து நின்றுவிட்டது.

வால்வும் சீறவில்லை. விளக்கு மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், விரலால் சக்கரத்தை நெம்பினார்.

"என்னங்க, தள்ளி வாங்க."

"இரு. பிஸ்டன் இறுகிப்போச்சு. ஒன்னும் ஆகாது."

எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மண்ணில் விழும்போதே வெடித்தது. முனைத் தகடு பறந்துபோய்ச் சுவரில் அடித்துக் காரை உதிர்ந்தது. காது அடைத்துவிட்டது. வெள்ளைப் புகைக்குள் அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவினேன். கண் இருந்தது, மூக்கு இருந்தது. வலது கை மட்டும் முழங்கை வரை வெந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கஞ்சி கொட்டிவிட்டது என்று சொன்னார். நானும் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் துவைகல்லுக்கும் சுவரில் காரை உதிர்ந்த இடத்துக்கும் நடுவே விரலை நீட்டிக் காட்டினார்.

"எம்மூஞ்சி அங்கதான இருந்துச்சு" என்றார்.

அன்று முதல் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தாலும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

கை ஆறி, ஒரு வருடம் கழித்து அவர் வேறு கொதிகலன் செய்தார். தடித்த செம்புக் குழாய், ஈயத்துக்குப் பதில் பித்தளைப் பற்றவைப்பு, இரண்டு வால்வுகள். தீ மூட்டுவதற்கு முன் அதில் தண்ணீரை நிறைத்து, கைப்பம்பால் அழுத்திக் கசிகிறதா என்று என் கண்முன்னே சோதித்தார். வால்வுகளை அதற்குமேல் இறுக்கவே முடியாதபடி செய்திருப்பதாகவும் காட்டினார்.

எஞ்சின் பத்து நிமிடம் நிற்காமல் ஓடியது. பக்கத்தில் வந்து பார்க்கச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. விளக்கு அணைந்து, சக்கரம் மெதுவாக நின்று, அவர் கொதிகலனை வெறுங்கையால் தொட்டுப் பார்க்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன்.