அழைக்காமல் இருந்த நாள்

மகள் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பல் வைத்தியரிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அவளுக்குப் போன் எடுத்தேன். ரயில் ஏறினாயா, இறங்கினாயா, சாப்பிட்டாயா. ஒரு தடவை தவறினாலும் பிள்ளை உயிரோடு திரும்பமாட்டாள் என்று மனம் அடித்துச் சொல்லும். இனியும் எடுத்தால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்றாள். அதன் பிறகுதான் மனநல ஆலோசகரிடம் போனேன்.

அந்த அம்மா ஒரு தாளில் இரண்டு கட்டம் கீறினார். இடப்பக்கம் என் பயத்தை எழுத வேண்டும். ஒரு நாள் முழுக்க அழைக்காமல் இருந்துவிட்டு, நடந்ததை வலப்பக்கம் எழுத வேண்டும். 'நான் எடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது நடக்கும்' என்று எழுதினேன்.

முதல் தடவை மகளிடம் சொல்லிவைத்து, அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் நேர்ந்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். நேர்த்தியைப் பற்றிக் கேட்டதும் ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் காப்பாற்றியது புனிதர் என்றுதானே நினைப்பீர்கள், பயத்தை எங்கே சோதித்தீர்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

இரண்டாம் தடவை நேர்த்தியுமில்லை, செபமுமில்லை. திருத்தமாகச் செய்கிறேன் பேர்வழி என்று மகளிடமும் மூச்சு விடவில்லை. லிபெர்த்தா தெருவில் நான் பராமரிக்கும் வயதான வீட்டுக்காரம்மா, சிஞ்ஞோராவின் அலமாரிக்குள் போனை நிறுத்தி வைத்துப் பூட்டினேன். தெற்கிலிருந்து சூட்டுக் காற்று வீசி ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. பதினொரு மணிக்கு ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. மத்தியானம் இன்னொன்று. சிஞ்ஞோராவுக்கு ஊட்டிய சூப் அவர் மடியில் சிந்தியது. அலமாரிச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை.

மாலையில் சீசா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். சிஞ்ஞோரா வீட்டு நம்பர் அவளிடம் இல்லை.

"எத்தனை தரம் எடுத்தனான், மம்மா. நீங்கள் எடுக்காட்டி உங்களுக்கு ஏதோ நடந்திட்டுது எண்டுதானே அர்த்தம்?"

நான் தாளில் எழுதியதைத்தான் அவள் சொன்னாள், ஆளை மட்டும் மாற்றி. அவளை அணைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வலப்பக்கத்தில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதத்தான் நாள் முழுக்கக் காத்திருந்தேன். எழுத முடியவில்லை. பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டிருந்தது. அன்று நான் எடுக்காததால் அல்ல, மூன்று வருடமாக எடுத்ததால்.