ஸ்டோர் மேட்டில் இறங்கியவர்

ரப்பர் விலை இன்னும் விழாத காலம் அது. என் வீட்டுக்காரர் மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் போனபின், அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் வாளி சுமந்து, தம்பியை இங்கிலீஷ் படிக்க வைத்தவர் மதினிதான். தம்பிக்கு ஆபீசில் நாற்காலி கிடைத்த பிறகுதான் அவர் வாளியைக் கீழே வைத்தார். அதற்குள் அவருடைய இடது காலில் ஆறாத புண் ஒன்று வந்துவிட்டது.

புண்ணுக்கு மருந்து கட்ட மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ் தோட்டத்துக்குள் வராது, தார் போட்ட பெரிய சடக்கோடு போய்விடும். எங்கள் வீட்டிலிருந்து சடக்குக்குப் போகும் வழியில், ரப்பர் காயவைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்தான மேடு. எல்லோரும் அதை ஸ்டோர் மேடு என்பார்கள். பஸ்ஸைப் பிடிக்க அதை ஏறி இறங்கவேண்டும், திரும்பும்போது மறுபடியும் ஏறவேண்டும். வீட்டுக்கு வந்ததும் மதினி காலை நீட்டி உட்காருவார். கட்டு நனைந்திருக்கும். யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் மலாக்கா டவுனுக்குப் பக்கத்தில் தெங்கேராவில் ஒரு சீனர் கடையில் சின்னக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் விற்றது. "பொம்மை மாதிரி இருக்கு. பின்னால ரெண்டு பேர் உக்காரலாம். அக்காவ ஆஸ்பத்திரிக்கு அதுலயே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

"இவ்வளவு சின்ன வண்டி நம்ம மேட்டுல ஏறுமா?" என்றேன்.

அவருக்கும் அதே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து ஏற்றிக் காட்டச் சொல்லியிருந்தார். மதினி அன்றைக்குக் காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுப்புத்தான். பொய் சொல்லுவானேன், ஆஸ்பத்திரியைவிட மெர்லிமாவ் கடைத்தெருவில் அந்தக் காரிலிருந்து இறங்குவதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் நல்ல பருமனான ஆள். அவரே ஓட்டினார். பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்னால் நானும் மதினியும் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். சமதரையில் வண்டி சுகமாகப் போனது. மேட்டில் பாதி ஏறியதும் முனகியது, இருமியது, நின்றுவிட்டது. கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "சத்து ஓராங் துருன்லா" என்றார். ஒரு ஆள் இறங்கவேண்டுமாம்.

மதினி உடனே எழுந்தார். பின்னால் இருப்பவர் இறங்க முன்சீட்டை மடக்கவேண்டும். அதனால் என் வீட்டுக்காரர் இறங்கினார், சீட்டை மடக்கினார், அக்காவுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். பிறகு அவரே திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்கவேண்டும் என்ற நினைப்பில் செய்தது. நானோ அசையவே இல்லை. "நான் இறங்குறேன் மதினி" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லி முடிக்கும் முன்னே வண்டி கிளம்பிவிட்டது என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த முறை வண்டி ஏறிவிட்டது. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தோம். மரங்கள் இலை உதிர்த்திருந்த மாதம். நிழல் ஒரு பொட்டு இல்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து மதினி ஏறி வந்தார். பைப்படியில் தண்ணீர் பிடித்த பெண்கள் அவரையும் பார்த்தார்கள், காரில் இருந்த என்னையும் பார்த்தார்கள்.

மேலே வந்ததும் அவர் மூச்சு வாங்கச் சிரித்தார். "நல்லா ஏறுதே தம்பி! வாங்கிப்புடு."

என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. அன்றைக்கு அவர் சோறு உண்ணவில்லை. "என்னைப் படிக்க வச்சவள நடக்க விட்டுட்டு நான் வண்டியில உக்காந்திருந்தேன்" என்றார். நானும் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அக்காவை மேட்டில் இறக்கிவிடும் அந்தக் கார் வேண்டாம் என்று முடிவு செய்தோம். காரணம் கேட்பாரே என்று, கிராணி கார் வைத்துக்கொள்ளத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சம்மதிக்கவில்லை என்று மதினியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தோம். அதற்குப் பிறகு, என் வீட்டுக்காரர் டிரைவரிடம் சொல்லிவைத்து, மதினி ஆஸ்பத்திரிக்கு ரப்பர் லாரியில் போய்வந்தார். ஒன்றும் அறியாத துரையை வாய்க்கு வந்தபடி திட்டினார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சில மாதம் கழித்து, துரை எங்கள் வீட்டுக் கூரை ஒழுகலைப் பார்க்க வந்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். மதினி நேராக அவர் முன்னால் போய் நின்றார். "என் தம்பி காரு வாங்கினா உங்களுக்கு என்ன தொரை நஷ்டம்?"

துரை விழித்தார். "யார் வேணாம் சொன்னது? கிராணி என்னைக் கேக்கவே இல்லியே."

மதினி தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார். துரை போனபின் மதினி அடுப்படிக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு நான் நடந்தேனே, அதுக்காகவா?"

நான் தலையாட்டினேன்.

"அடிப் பைத்தியமே. தோளுல காண்டாக் கம்பு வச்சு ரெண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கிட்டு ஏறின மேடு புள்ள அது. ஒரு நாளு வெறுங்கையோட நடந்தா என்ன? தம்பி ஓட்டப் பழகிட்டா அந்தக் கடைக்காரன் எதுக்கு வண்டியில இருக்கப் போறான்? நாம மூணு பேருதானே. மூணு பேரோட அது ஏறிச்சே, நான் பின்னாலேயே பாத்துக்கிட்டு வந்தேனே."

அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, அவர் காலைப் பார்க்கவில்லை. எங்கள் மனசு சமாதானமாகவேண்டும் என்பதற்காக, அவருக்குக் கிடைக்கவிருந்ததை நாங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் தெங்கேராவுக்கு ஓடினார். கார் விற்றுப் போயிருந்தது. வேறு ஒன்று வந்தால் சொல்லி அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். அது வருவதற்குள் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேரை வேலை இல்லை என்று ஊருக்கே கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். கிராணிமார் சம்பளத்தையும் குறைத்தார்கள். கார்ப் பேச்சை அதோடு யாரும் எடுக்கவில்லை.

மதினி ரப்பர் லாரியிலேயே போய்வந்தார். புண் ஆறியது, நடை மட்டும் சாய்ந்தே போனது. லாரியின் படி உயரம். நான் கீழே நின்று கையை நீட்டுவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். ஒரு நாளும் ஒன்றும் சொல்லிக் காட்டியதில்லை. ஒரு தடவையாவது எங்களைத் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.