காலி லொறியும் நான்கு பட்டங்களும்

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மற்றவர்கள் கைத்தொலைபேசியை நோண்டுவார்கள். நான் லொறிகளைப் படிப்பேன். வெள்ளவத்தையிலிருந்து கொச்சிக்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ லொறிகள் பக்கத்தில் ஊர்ந்து வரும். எதன் முதுகில் என்ன பலகை தொங்குகிறது, அதில் என்ன படம், அடியில் என்ன எண் என்று பார்த்துக்கொண்டே போவேன். எனக்கு எதையும் கேட்டுத் துளைக்காவிட்டால் சாப்பாடு செமிக்காது.

இந்தக் கிறுக்கு என் வேலையோடு ஒட்டிக்கொண்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், மூன்று லொறிகள் மட்டும் வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பனியில் நான் கிளார்க். தீப்பிடிக்கிற சாமான், தோலை அரிக்கிற சாமான் என்று ஏற்றத் தொடங்கியபோது முதலாளி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை என் மேசையில் போட்டு, "இதை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். கந்தோரில் வேறு யாரும் அதைத் தொடவில்லை. நான் நாவல் படிப்பதுபோல் படித்தேன்.

ஆபத்தான சரக்கு ஏற்றிய லொறிக்கு நான்கு பக்கமும் பலகை வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் கணக்கு. சதுரப் பலகை, ஆனால் ஒரு மூலையில் நிற்க வேண்டும். சிவப்பில் நெருப்புப் படம் இருந்தால் எரியும் திரவம். நீலத்தில் இருந்தால் தண்ணீர் பட்டாலே ஆபத்து. கொழும்பு மழையில் அந்த நீலப் பலகைக்காரன் என்ன செய்வான் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மூலையில் நிற்பதால் எங்கள் டிரைவர்கள் அதைப் 'பட்டம்' என்றார்கள். பலகைகளைப் பூட்டி வைத்து எடுத்துக்கொடுப்பது நான் என்பதால், "மிஸ், இன்னைக்கு எங்களுக்குப் பட்டம் இல்லையா?" என்று வாசலில் நின்று பகிடி பண்ணுவார்கள். நான் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவள்.

புத்தகத்தில் என்னை அதிகம் இழுத்தது வெறும் வண்டி பற்றிய விதி. பெற்றோல் பவுசர், அந்தத் தொட்டி லொறி, எண்ணெயை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பினாலும், உள்ளே கழுவும்வரை பலகை இருக்க வேண்டும். ஏன்? வெள்ளவத்தைப் பெற்றோல் ஷெட்டில் ஒரு பவுசர்காரரை மறித்துச் சிங்களத்தில் கேட்டேன். எண்ணெயைவிட மிஞ்சி நிற்கிற ஆவிதான் பொல்லாதது என்றார். ஆனால் பெரல் பீப்பாய்களில் சாமான் கொண்டுபோகிற எங்கள் லொறிக்கு விதி வேறு. பெரல்களை எல்லாம் இறக்கியானதும் பலகைகளைக் கழற்றியே ஆக வேண்டும். இல்லாத ஆபத்தைச் சொல்லும் பலகையும் பொய்தான். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்லா டிரைவர்மாருக்கும் பாடம் நடத்தினேன்.

ஒருநாள் எங்கள் மூத்த டிரைவர், ஹட்டன் பக்கத்துக்காரர், பெயிண்டில் கலக்கும் தின்னரை இருபது பெரல்களில் ஏற்றிக்கொண்டு தெற்கே காலி நகரத்துக்குப் போனார். பகல் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அழைப்பு வந்தது.

"மிஸ், காலி..."

வெளியே ஒரு கொண்டெய்னர் லொறி ஹோர்ன் அடித்து அடுத்த சொற்களை விழுங்கியது. கடைசியில், "பட்டத்த கழட்டவா?" என்பது மட்டும் கேட்டது.

"ஓம் அண்ணை, கழட்டுங்கோ. காலியெண்டா பட்டம் நிக்கக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாடம் பலித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அரை மணித்தியாலம் கழித்துக் காலியிலிருந்து சரக்கை வாங்குகிறவர் பேசினார். ஸ்டோரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாராம், இப்போது திறந்துவிட்டாராம், லொறி எங்கே என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிரைவர் லொறி காலி என்று சொல்லவில்லை. காலிக்கு வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தினமும் காலி வீதியில் போய் வருகிற எனக்கு அது தோன்றவே இல்லை. இருபது பெரல் தின்னர், ஒரு பலகையும் இல்லாமல், ஏதோ ஒரு தெருவில் நிற்கிறது.

டிரைவருக்கு எடுத்தேன். மணி அடித்தது, பதில் இல்லை. மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை வாயில் சோற்றோடு பேசினார். பின்னால் 'சர்ர்' என்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம் அண்ணை?"

"பக்கத்துல வெல்டிங் கடை மிஸ். கேட் ஒண்ணு ஒட்டுறான்."

"லொறி எவ்வளவு தூரத்தில நிக்குது?"

"அவன் வாசல்லதான். ஸ்டோர் பூட்டியிருந்திச்சு. தேத்தண்ணிக் கடைக்கு முன்னால விட்டா, நெருப்புப் படத்தப் பாத்துட்டு கடக்காரன் சத்தம் போட்டான். அதான் உங்ககிட்ட கேட்டுக் கழட்டிட்டு இங்க விட்டேன்."

"பட்டத்தைத் திருப்பிப் போடுங்கோ! அந்தாளை நிப்பாட்டச் சொல்லுங்கோ! ஓடுங்கோ அண்ணை!"

நான் கத்தியதில் முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். செருப்புச் சத்தம், தகரப் பலகையைச் சட்டத்தில் செருகும் சத்தம் கேட்டன. 'சர்ர்' சட்டென்று நின்றது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று யாரோ சிங்களத்தில் ஏசுவது தெளிவாகக் கேட்டது. அந்த ஏச்சு முழுவதும் எனக்குரியது என்று நினைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன்.

நடந்ததை முதலாளியிடம் அப்போதே சொன்னேன். மறுநாள் காலை டிரைவர் கந்தோருக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"பெரல் ஒண்டும் இறக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை? ஏன் என்னட்டைத் திருப்பிக் கேக்கேல்லை?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரியும் மிஸ். பயமாவும்தான் இருந்திச்சு. ஆனா காலின்னா பட்டம் நிக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. அந்த ஊருக்கு அப்பிடி ஒரு சட்டம் இருக்கும்னு நெனச்சேன். படிச்சவங்ககிட்ட எப்பிடித் திருப்பிக் கேக்கிறது?"