மூன்று தட்டல்

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அப்பாவால் பேச முடியவில்லை. கைப்பேசியில் நான் கேட்பதற்கெல்லாம் நகத்தால் தட்டித்தான் பதில் சொல்வார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை, மூன்று என்றால் புறப்பட்டு வா. கேரி தீவில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துப் பழைய பலகை வீட்டில், தன் தங்கையோடு இருந்தார். நான் நகரத்துப் பக்கம், சுங்கை வேயில். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அழைப்பேன். அத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். "சாப்பிட்டீங்களாப்பா?" டொக். "மருந்து?" டொக் டொக். முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவர்; மருந்து என்றால் மட்டும் சின்னப் பிள்ளை.

எனக்கு வேலையே கைப்பேசி அழைப்புகளைச் சோதிப்பதுதான். காரில் நான்கைந்து கைப்பேசிகளைப் பொருத்திக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஓட்டி, எங்கே குரல் உடைகிறது என்று குறித்துக்கொள்வேன். 3ஜியை மூடிய வருடம் அது. பேச்சையெல்லாம் 4ஜிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். குரலை நறுக்கி, இலையில் மடிக்கும் நாசி லெமாக் சோறு போலப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, இணையம் போகும் அதே வழியில் அனுப்புவது. எங்கள் பாஷையில் வோல்ட்டி. ஊருக்கெல்லாம் செய்கிறவன் அப்பாவுக்குச் செய்யாமல் இருப்பேனா? அவருடைய பட்டன் போனைப் பிடுங்கிக்கொண்டு புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். பழையது 2ஜியில் இன்னும் பல காலம் ஓடியிருக்கும். அது எனக்குத் தெரியும். என் பெருமைக்காகத்தான் மாற்றினேன்.

மறுநாளே தட்டல் நின்றுவிட்டது.

"சாப்பிட்டீங்களாப்பா?" பதில் இல்லை. மூச்சு விடுவதுபோல மெல்லிய இரைச்சல் மட்டும். பழைய போனைப் பிடுங்கிய கோபம் என்று நினைத்தேன். பேச்சு இருந்த காலத்திலேயே, கோபம் வந்தால் அம்மாவிடம் வாரக்கணக்கில் பேசாதவர். "கோவமாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. நானும் அவர் பிள்ளைதானே, எனக்கும் வீம்பு வந்தது. அத்தையிடம்கூட என்னவென்று விசாரிக்கவில்லை. சனி, ஞாயிறிலும் வேலை இருந்ததால் ஐந்து வாரம் தீவுக்குப் போகவில்லை; ஆறரை மணி அழைப்பை மட்டும் விடவில்லை. சோதனை அறிக்கைகளில் மட்டும் தவறாமல் எழுதினேன்: பின்னணிச் சத்தம் இல்லை, மிக நன்று.

ஆறாவது வாரம் அப்பா இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அத்தை மெதுவாகச் சொன்னார்: "அவ்வளவு தட்டினாரேப்பா, மூணு மூணா. நகமே ஒடைஞ்சு போச்சு. அவனுக்கு லீவு கெடைக்கல லா, வந்துருவான்னு நான்தான் சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புதுக் கைப்பேசி பேச்சை மட்டும் பொறுக்கியெடுத்து அனுப்பும். மின்விசிறி, லோரி, நகத்தால் தட்டுவது எல்லாம் அதற்கு இரைச்சல், வடிகட்டிவிடும். பேச்சே இல்லாதபோது, இணைப்பு அறுந்துவிட்டதென்று நாம் நினைக்கக்கூடாது என்பதற்காக, நம் கையிலிருக்கும் கைப்பேசியே ஒரு மெல்லிய இரைச்சலை உண்டாக்கும். அப்பாவின் மூச்சு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். கோபமா என்று கேட்டபோது இல்லை என்று இரண்டு முறை தட்டியிருப்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்பவன் நான்.

ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்பாவின் கைப்பேசியை அத்தையிடம் கொடுத்து, "அப்பா மாதிரியே தட்டுங்க அத்தே" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து பலகைச் சுவரோரம் நின்று அழைத்தேன். சுவர் வழியாக இடது காதில் கேட்டது: டொக், டொக், டொக். கைப்பேசியை வைத்திருந்த வலது காதில் அந்த மெல்லிய இரைச்சல் மட்டும்.

"கேக்குதாப்பா?" என்றார் அத்தை. அது மட்டும் கைப்பேசியில் அவ்வளவு தெளிவாக வந்தது. சுவரில் சாய்ந்து அழுதேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அத்தை மறுபடியும் மூன்று முறை தட்டினார்.