வெறும் வயிற்றில் வல்லாரைச் சாறு

அப்பாவுக்கு மறதி முதலில் வந்தது, மஞ்சள் காமாலை பிறகு வந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஃபெக்டரி வேலை பார்த்தவர். வயதாகிவிட்டதென்று தோட்டத்தில் பேர் வெட்டி, வேலை நின்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் விடிந்தால் வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். யாராவது கையைப் பிடித்து லயத்துக்குத் திருப்பிக் கூட்டிவருவார்கள். அதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். கட்டிய மனைவியை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறதிக்கு வல்லாரை நல்லது என்று யாரோ சொன்னார்கள். தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் அது தாராளமாக முளைத்துக் கிடக்கும். அம்மா தினமும் பறித்து வந்து அம்மியில் அரைத்து, வெறும் வயிற்றில் சாறு கொடுத்தாள். நான் பதுளையில் டீச்சராக இருந்தேன். வெளிநாட்டில் வல்லாரையை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததைச் சொல்லித் தொலைத்தேன்.

"எலிக்கே புத்தி வருதுன்னா மனுசனுக்கு வராதா?" என்றாள்.

"எலி உன்னை அக்கான்னு கூப்பிடலையேம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மாதக்கணக்கில் குடித்தும் அப்பாவிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் அவர் கண் மஞ்சளாகிவிட்டது. உடம்பு முழுக்கச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டார். பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பித்தம் இறங்கிற குழாயில கல்லு அடைச்சிருக்கு, பிள்ளை. வயித்தை வெட்டத் தேவையில்லை. வாயால ஒரு குழாயை விட்டு எடுத்திடலாம். இஞ்ச அந்த வசதி இல்லை, கண்டிக்குக் கொண்டுபோங்கோ. சுணங்காதேங்கோ. கிருமி ஏறினா உயிருக்கு ஆபத்து."

கண்டியில் அந்த வேலை வாரத்தில் ஒருநாள்தான் நடக்கும். அதற்கும் பெரிய வரிசை. அப்பாவின் முறை ஒரு வழியாக வந்தது. அதற்கு முந்தின நாள் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து வார்டில் சேர்த்தோம். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். நடுராத்திரிக்குப் பிறகு சாப்பாடு, தண்ணி எதுவும் கூடாது. அம்மா தலையாட்டினாள். விரதம் பிடித்தே பழகியவள், அவளுக்கு இது பெரிய காரியமில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

காலையில் நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது அம்மா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை.

"சாறு குடிச்சாரும்மா. குடிச்சிட்டு என்னையப் பார்த்து, 'ஏ புள்ள, நீ டீ குடிச்சியா'ன்னு கேட்டாரு. புள்ளன்னு கூப்பிட்டாரும்மா."

கல்யாணமான நாளிலிருந்து அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேம்மா?"

"சோறா குடுத்தேன்? மருந்துதானே. கந்தசஷ்டி விரதத்துலகூட மருந்து குடிக்கலாம்."

தோட்டத்திலிருந்து போத்தலில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தவும் முடியவில்லை. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும், இன்றைக்குச் செய்ய முடியாது, அடுத்த வாரம் பார்ப்போம் என்று டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். அடுத்த கட்டிலில் இருந்தவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா என்னிடம், "அக்காவ வீட்டுக்குப் போகச் சொல்லு, பாவம்" என்றார். அம்மா காதிலும் அது விழுந்தது.

அடுத்த வாரம் வரவில்லை. இரண்டாம் நாள் குளிர்க்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நாங்கள் அப்பாவைப் பெட்டியில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது மலை முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது.

மெஷின் பழுதானதால்தான் அன்றைக்குச் செய்யவில்லை என்று ஊருக்குச் சொன்னேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கானோரம் போவதை மட்டும் விட்டுவிட்டாள். பதுளையில் என்னோடு வந்து இருந்தபோதும் எங்கள் வீட்டில் வல்லாரை வாங்கியதில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள்: "மெசின் பழுதுன்னா பக்கத்துக் கட்டில்காரரை எப்படிக் கூட்டிட்டுப் போனாங்க?"

நான் நறுக்கிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கே தெரியும்டி. நீ பாவம்னு விட்டுட்டேன்." சுளகை ஒருமுறை தட்டினாள். "சாறு குடுக்காட்டி இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு. அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பாரு. திரும்ப அந்தக் காலை வந்தா குடுப்பேனா, மாட்டேனா? அதுதான் எனக்குத் தெரியல."

பொறுக்கிய கல்லை வெளியே எறிந்துவிட்டு, அரிசியைக் கழுவ எழுந்து போனாள்.