எல்வுட்டின் பசை

என் தம்பி எல்வுட் ஹெஸ் முப்பத்தோரு வருடம் புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். காகிதத்தைத் தொட்டே எந்த ஆலையில் செய்தது என்று சொல்லுவான். பென்சில்வேனியாவில் எங்கள் ஊரில் தபால்தலை சேர்க்கிற எல்லோருக்கும் அவனைத் தெரியும். இப்போது அவர்கள் அவனைப் பற்றிச் சொல்வது வேறு. நடந்ததை நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

தபால்தலையின் முகத்தை விட முதுகுக்கு விலை அதிகமான காலம் அது. நூறு வருடத்துக்கு முன் அச்சிட்டது, உபயோகிக்காதது, பின்பக்கத்தில் பழைய பசை அப்படியே இருக்கிறது என்றால் ஒரு விலை. பசை போய்விட்டால் அதில் கால் பங்குகூட வராது. நக்கி ஒட்டுவதற்காகப் பூசிய பசைக்கு, ஒருவரும் நக்கக்கூடாது என்பதற்காகப் பணம் கொடுத்தார்கள்.

பசை இழந்த தபால்தலைகளுக்கு எல்வுட் புதுப் பசை பூசிக் கொடுப்பான். பார்வைக்கு நிறைவாக இருக்கட்டும் என்று ஊர்த் தபால்தலைக் கழகத்தார்தான் கேட்டார்கள். வேலங்கோந்தில் ஒரு சொட்டுத் தேநீர்ச் சாயம் கலந்து, அணில் மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுவான். காய்ந்ததும் ஒரு மூலையில் பென்சிலால் சிறிய வட்டம் போடுவான். வட்டம் இருந்தால் பசை எல்வுட்டுடையது, யாரும் ஏமாற வேண்டாம் என்று அர்த்தம்.

"பென்சில் அழிஞ்சு போயிடுமே, மசியில போடேன்டா" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"மசி முன்பக்கம் ஊறிடும்க்கா. என் பேரைக் காப்பாத்திக்க அதைக் கெடுக்கணுமா?"

கழகம் மாதம் ஒருமுறை லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும். காப்பியும், வெல்லப்பாகு ஊற்றிச் சுடுகிற பை என்ற பலகாரமும் என் பொறுப்பு. ஒரு கூட்டத்தன்று லெஸ்டர் ட்ரெஹர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், பள்ளிக்கூடத்திலிருந்தே எல்வுட்டின் கூட்டாளி. 1869-இல் வந்த பன்னிரண்டு சென்ட் பச்சைக் கப்பல் படத் தபால்தலை ஒன்றை நானூறு டாலருக்கு வாங்கியிருந்தான். விற்றவர் கெர்மிட் பாயர், பக்கத்து நகரத்தில் கடை வைத்திருப்பவர். அவரும் வந்திருந்தார். என் பலகாரத்தில் மூன்றாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முதுகைப் பாருடா எல்வுட். நூறு வருஷப் பசை, ஒரு கீறல் இல்ல" என்றான் லெஸ்டர்.

எல்வுட் லென்ஸை வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில், "லெஸ்டர், இது நான் பூசினது. போன வருஷம் பாயர் கடையிலேர்ந்துதான் எங்கிட்ட வந்துச்சு" என்றான்.

பாயர் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "தெருவுல போற குழந்தைக்கெல்லாம் நான்தான் அப்பன்கிற மாதிரி இருக்கே. உன்னுதுன்னா வட்டம் எங்கே?"

"அழிச்சிருக்கீங்க."

"வட்டம் இருந்தா உன்னுது. இல்லேன்னாலும் உன்னுதா?"

சிலர் சிரித்தார்கள். எல்வுட் பொறுமையாகச் சொன்னான். அந்தக் காலத்தில் முழுத்தாளுக்கும் முதலில் பசை பூசுவார்கள், பிறகுதான் தலைகளைப் பிரிப்பதற்கான துளைகளைப் போடுவார்கள். அதனால் ஓரத்துப் பற்களின் நுனியில் பசை இருக்காது. இதில் கீழே இடமிருந்து இரண்டாவது பல்லில் இருக்கிறது. அன்றைக்குத் தூரிகை அங்கே இடித்தது அவனுக்கே ஞாபகம் இருக்கிறது.

"ஒரு பல்லு! நீ பல் டாக்டரா, தம்பி?" என்றார் பாயர்.

எல்வுட் லெஸ்டரைப் பார்த்தான். "லென்ஸ் இந்தா, நீயே பாரு."

லெஸ்டர் லென்ஸை வாங்கவில்லை. கப்பலை உறையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். "எனக்குப் பிடிச்சிருக்கு. விடேன்" என்றான்.

அடுத்த கூட்டத்தில் கழகம் ஒரு தீர்மானம் போட்டது. தபால்தலையில் பசை பூசுகிறவர் இனி உறுப்பினராக இருக்க முடியாது. கை தூக்கியவர்களில் எல்வுட்டிடம் பூசி வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. எண்ணிப் பார்க்க அவசியமே இருக்கவில்லை, எனக்கு அவர்கள் எல்லோரையும் தெரியும். பாயருக்குக் கௌரவ விருந்தினர் என்று அட்டை கொடுத்தார்கள். எல்வுட் ஏமாற்றுக்காரன் என்று எழுத்தில் யாரும் போடவில்லை. தீர்மானத்தைக் கேட்டவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள்.

அந்த ஆகஸ்ட் மாதம் புழுக்கம் தாங்க முடியவில்லை. நான் சமையலறையில் சோளம் உரித்துக்கொண்டிருந்தபோது லெஸ்டர் பின்வாசல் வழியாக வந்தான், ஆல்பத்தோடு. ஈரக்காற்றில் பசை இளகி, கப்பல் ஆல்பத்தின் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிச்சா கிழிஞ்சிடும்டா எல்வுட். நீதான் எடுத்துக் கொடுக்கணும்."

"ஊற வெச்சுத்தான் எடுக்கணும். பசை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும். அப்புறம் பழைய மாதிரியே பூசிடு."

"எப்படிப் பழைய மாதிரி?"

லெஸ்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "அதான், நீ முன்னாடி பூசின மாதிரி."

"இதைக் கழகத்துல வந்து சொல்றியா?"

"அது முடிஞ்சு போன விஷயம்டா. இப்போ போய் எதுக்கு?"

எல்வுட் எழுந்து ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினான். அந்தத் தாளைக் கத்தரித்துத் தட்டில் மிதக்கவிட்டான். தபால்தலை தானாகக் கழன்றது. கழுவி, ஒற்றுத்தாளில் வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்தான். லெஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காத்திருந்தான். நான் அவனுக்குக் காப்பி கொடுக்கவில்லை.

உலர்ந்ததும் எல்வுட் சொன்னான், "பூசறேன். ஆனா வட்டம் போடுவேன்."

"வட்டம் வேண்டாம். வட்டம் போட்டா அதுக்கு என்ன மதிப்பு?"

"அப்போ பசையும் வேண்டாம்."

கப்பலை உறையில் வைத்து நீட்டினான். சாயம் மங்கவில்லை, ஒரு பல்கூட மடங்கவில்லை. முதுகு வெறும் காகிதமாக இருந்தது.

"இது இப்போ நூறு டாலர்கூடத் தேறாதே" என்றான் லெஸ்டர்.

"வாங்கறப்பவும் அவ்வளவுதான் லெஸ்டர்."

செப்டம்பர் கூட்டத்தில் லெஸ்டர் எழுந்து பேசினானாம். நம்பிக் கொடுத்த தலையின் அசல் பசையை எல்வுட் பொறாமையில் கழுவிவிட்டான் என்றானாம். பாயர் பெரிய மனதோடு விலையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாராம், எல்லோரும் கைதட்டினார்களாம். தேவாலயத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி வந்து, "உன் தம்பிக்கு ஏன்ம்மா இந்த வேலை?" என்று கேட்டாள். சமையலறையில் லெஸ்டர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். "நீ அவனோட அக்காவாச்சே, வேற எப்படிச் சொல்லுவே?" என்றாள்.

அதன் பிறகு எல்வுட் யாருடைய தபால்தலையையும் தொடவில்லை. சென்ற நவம்பரில் இறந்தான். கழகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. லெஸ்டர் மட்டும் ஓர் உறை அனுப்பினான், உள்ளே இரங்கல் அட்டையாக இருக்கும். அதன் மேல் அவன் ஒட்டியிருந்த தபால்தலை பாதி பெயர்ந்து தொங்கியது. உறையைத் திறக்காமலே அவனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.